கண்டி தந்த கட்டடக் கலைச்செல்வி

எங்கள் லக்கலப் பகுதியிலே பழைய முறைப்படி ஒரு வீடு எழும்பும் விதம் பட்டணத்து வாசகர்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். சுவர் எழுப்பும் நாளில் அங்கே வேலை தொடங்குவதில்லை; அதற்குப் பல வாரங்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். காட்டிலே கம்பும் காலும் வெட்டி, அளவறிந்து தறித்து, உலர்த்தி வைப்பார்கள். கூரைக்கு வேண்டிய மானாப் புல்லை அறுத்துக் கற்றை கற்றையாக அடுக்குவார்கள். கட்டுவதற்குரிய கொடிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். நாள் பார்த்து அயலவர் கூடியதும், ஆயத்தமாயிருந்த உறுப்புக்கள் யாவும் ஒன்றோடொன்று பொருந்தி, வரிச்சுச் சட்டமும் கூரையும் விரைவிலே நிமிர்ந்து நிற்கும். பின்பு மண் அப்புவது ஒன்றே மிச்சம்.

பொருத்து வீடு என்று இன்றைய உலகம் பெயரிட்டு வழங்கும் முறையின் சாரமும் இதுவே. வீட்டின் உறுப்புக்களை வேறோரிடத்தில் முன்கூட்டியே செய்து, வீடு அமையவேண்டிய நிலத்துக்குக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. லக்கலக் குடியானவன் தன் வீட்டின் உறுப்புக்களைத் தானே அளந்து வெட்டினான். தொழிற்சாலை வீட்டின் உறுப்புக்களையோ, அதில் வாழப்போகின்றவனை ஒருநாளும் காணாத ஒருவர் அளந்து முடித்துவிடுகின்றார். இந்த இடைவெளியைத் தம் இளமையிலேயே அருகிருந்து கண்டு, அதனைக் கடக்க ஒரு வழியையும் காட்டிச் சென்ற பெண்மணி ஒருவரின் வரலாற்றையே ஈண்டு நான் சொல்லப் புகுகின்றேன். எங்கள் மலைத்தொடருக்கு அப்பால், கண்டி மாநகரிற் பிறந்த மினெற் டி சில்வா அம்மையாரே அவர்.

அம்மையார் 1918ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி பிறந்தார். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா, சிங்கள பௌத்தர். கண்டியிற் புகழ்பெற்ற வழக்கறிஞர். பிற்காலத்தில் சுகாதார அமைச்சராக விளங்கியவர். தாயார் அக்னஸ் நெல், பறங்கியர் குலத்துக் கிறிஸ்தவ மாது. இரு சமயங்களும் இரு பண்பாடுகளும் கலந்த அவ்வீட்டில் அரசியலே அன்றாடப் பேச்சாயிருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று 1927இல் தோன்றிய மாதர் வாக்குரிமைச் சங்கத்திலே அக்னஸ் அம்மையார் செயலாளராக முன்னின்று உழைத்தார்.

டொனமூர் ஆணைக்குழுவினர் முன் அச்சங்கத்தார் சாட்சியமளித்த வேளையில், தோட்டங்களிலே தொழில் செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்ற வினா எழுந்தது. அவர்களும் பெண்கள் தாமே, ஆகையால் அவர்களுக்கும் வேண்டும் என்று தயக்கமின்றி விடையிறுத்தவர் அக்னஸ் அம்மையார். 1931இல் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும் அடுத்த ஆண்டிலே வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தையும் தொடர்ந்து, மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலார் அவ்வுரிமையை இழந்தனர். தோட்டத்து லயத்திலே பிறந்தவனாகிய எனக்கு, அந்தத் தாயின் விடை ஒருபோதும் பழைய செய்தியாகத் தோன்றியதில்லை. யாருக்காக ஒரு காரியம் செய்யப்படுகின்றதோ அவரையும் ஆளாக மதித்துக் கேட்கவேண்டும் என்ற பண்பு அந்த வீட்டிலே குடியிருந்தது. மகளின் கட்டடக் கலைக்கு அதுவே அத்திவாரமாயிற்று என்பது என் துணிபு.

கட்டடக் கலைஞராக வேண்டுமென்ற ஆசை மினெற்றுக்கு இளம் வயதிலேயே உண்டாயிற்று. அக்காலத்தில் இலங்கையிலே அக்கலையைப் பயிலுதற்குத் தக்க கல்லூரி இல்லை. பெண்ணொருத்தி அத்தொழிலுக்குப் போவதும் எவரும் கேள்விப்படாத காரியம். வீட்டாரின் தயக்கத்தை வென்று அவர் பம்பாய்க்குப் புறப்பட்டார். அங்கே ஒரு கட்டடக் கலைஞர் நிறுவனத்திற் பயிற்சி பெற்று, பின்பு சர் ஜே. ஜே. கலைப் பள்ளியிற் சேர்ந்தார். 1942ஆம் ஆண்டு இந்தியா கொந்தளித்தது. காந்தியடிகளின் விடுதலையை வேண்டி நிகழ்ந்த ஊர்வலத்திலே மினெற்றும் கலந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினால் தொடர்ந்து படிக்கலாம் என்று பள்ளியார் கூறினர். அவர் எழுத மறுத்தார், பள்ளியினின்றும் நீக்கப்பட்டார்.

இந்த இடையூறே அவரைப் பெங்களூருக்குக் கொண்டுசென்றது. அந்நகரில் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக ஒற்றோ கேனிக்ஸ்பேகர் என்னும் ஜெர்மானியர் பணியாற்றி வந்தார். பெர்லினிற் பிறந்த யூதராகிய அவர், ஹிட்லரின் ஆட்சி வந்ததும் 1933இல் நாடு துறந்து எகிப்துக்குச் சென்று, பண்டை எகிப்தியர் கதவுகளை எவ்வாறு இணைத்துப் பொருத்தினர் என்பதை ஆராய்ந்து நூல் எழுதியவர். 1939இல் மைசூருக்கு வந்து சேர்ந்தவர். பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்திலே அவர் அமைத்த மண்டபங்கள் உண்டு. அத்தகையவரின் அலுவலகத்தில் மினெற்றுக்குக் கிடைத்த வேலை யாது? ஜம்ஷெட்பூரில் தாத்தா உருக்காலைத் தொழிலாளருக்காக வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தின் பொருத்து வீடுகளை வரைவதில் அவரும் பங்குகொண்டார்.

இவ்விடத்திற் பொருத்து வீட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் தகும். 1851இல் இலண்டன் ஹைட் பூங்காவிலே எழுந்த பளிங்கு மாளிகை இம்முறையின் வல்லமையை உலகுக்குக் காட்டியது. தோட்டக்காரராக வாழ்வைத் தொடங்கிய ஜோசப் பாக்ஸ்ரன் அதனை வகுத்தார். 24 அடி என்ற ஓர் அளவையே அடிப்படையாகக் கொண்டு தூணும் உத்தரமும் வார்க்கப்பட்டன. ஏறக்குறைய மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகள் பொருத்தப்பட்டன. 1,848 அடி நீளமான அம்மாளிகை ஓராண்டுக்குள்ளேயே எழுந்தது. கண்காட்சி முடிந்ததும் அதனைப் பிரித்தெடுத்து, 1854இல் சிடனம் என்னும் இடத்தில் மீண்டும் எழுப்பினர். 1936இல் அது தீக்கிரையாயிற்று.

பளிங்கு மாளிகையின் இரகசியம் ஒரே அளவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. ஓர் அச்சைச் செய்துவிட்டால் அதிலிருந்து ஆயிரம் உறுப்புக்கள் வார்க்கலாம். ஆயிரத்தாலும் அச்சின் செலவு பங்கிடப்படும். கூரையின் கீழ் வேலை நடப்பதால் மழையினால் வேலை தடைப்படாது. கொத்தனாரும் தச்சரும் குறைந்த காலத்தில் மிகுந்த வீடுகளை நிறைவேற்றலாம். ஆனால் நட்டங்களும் உண்டு. 10 அடி நீளமும் 8 அடி உயரமும் 4 அங்குலத் தடிப்பும் கொண்ட ஒரே ஒரு கொங்கிறீற்றுச் சுவர்ப்பலகை ஏறத்தாழ ஒன்றே முக்கால் தொன் நிறையுடையது. மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக றிவர்ஸ்ரன் வளைவுகளைத் தாண்டிப் பல்லேகமவுக்கு வரும் பாதையை அறிந்தவர், அப்படியொரு பலகையை லொறியில் ஏற்றி வருவதை எண்ணிப் பார்ப்பாராக. இறக்குவதற்குப் பாரந்தூக்கி வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள மூட்டு சரியாக அமையாவிடில் வாடைக்காற்று மழை வீட்டுக்குள்ளே வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைக்குக் கலியாணமானதும் ஓர் அறை கூட்டவேண்டுமென்றால், தொழிற்சாலை அளவுக்கு அடங்காத அந்த அறையை யார் செய்து தருவார்?

பெங்களூரில் வரைபலகையின் முன் அமர்ந்திருந்த இளம் மினெற் இவற்றையெல்லாம் கற்றார். ஓர் அளவை எப்படி வகுப்பது, ஒரு சன்னல் எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும், செலவு எங்கே குறையும் என்பன அவருக்குக் கைவந்தன. அவருடைய ஆசிரியருக்கோ பின்னர் ஒரு கசப்பான பாடம் காத்திருந்தது. நாட்டுப் பிரிவினையின்பின் இந்திய மத்திய அரசாங்கத்தின் வீடமைப்புப் பணிப்பாளராகக் கேனிக்ஸ்பேகர் பொறுப்பேற்றார். அகதிகளாக வந்து குவிந்தோருக்கு விரைவில் வீடுகள் வழங்குவதற்கென 1948இல் டில்லியிலே அரசாங்க வீட்டுத் தொழிற்சாலை தொடங்கிற்று. எதிர்பார்த்த வீடுகள் வரவில்லை. செய்த சுவர்ப்பலகைகள் குறையுடையனவாயின. பாராளுமன்றத்திலே கண்டனம் எழுந்தது. 1951இல் அவர் இந்தியாவை விட்டு இலண்டன் சேர்ந்தார். அத்தொழிற்சாலை 1953இல் ஹிந்துஸ்தான் ஹவுசிங் பக்டரி என்ற கம்பெனியாக மாற்றியமைக்கப்பட்டது. 1978இல் ஹிந்துஸ்தான் பிரீபாப் எனப் பெயர் பெற்றது. கேனிக்ஸ்பேகரோ சோர்ந்துவிடாது, வெப்ப நாடுகளுக்கேற்ற கட்டடக் கலையைப் போதிக்கும் பேராசானாக இலண்டனிலே புகழ்பெற்றார்.

மினெற் அம்மையாரின் வழி இதற்குள் வேறு திசையிலே சென்றுவிட்டது. 1945இல் அவர் இலண்டன் கட்டடக் கலைச் சங்கத்தின் பள்ளியிற் சேர்ந்தார். போரினாற் சிதைந்த பிரித்தானியாவிலே பொருத்து வீடுகள் எங்கும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. 1945க்கும் 1949க்கும் இடையில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அவ்வாறு நிறுவப்பட்டன. ஆகாயவிமானம் செய்த ஆலைகளே அலுமினிய வீடுகளையும் செய்தன. சுமார் பத்தாண்டுக்கெனக் கட்டிய அவ்வீடுகளிற் பலவற்றைக் குடியிருந்தோர் விரும்பிப் பேணி, பல பத்தாண்டு காலம் விடாது வாழ்ந்தனர். ஆகவே பொருத்து வீடு தன்னளவில் இழிந்ததன்று. எங்கே, யாருக்கு, எந்த வானிலைக்கு என்ற கேள்விகளுக்கு விடை கண்டபின் அமைத்தால் அது நற்பயன் தரும்.

1947இல் பிரிஜ்வோட்டர் நகரிற் கூடிய நவீன கட்டடக் கலைஞரின் சர்வதேச மாநாட்டிலே அம்மையார் கலந்துகொண்டார். உலகப் புகழ்பெற்ற லெ கொர்பூசியே அவருடைய நண்பரானார். 1965இல் அப்பெரியார் மறையும்வரை அந்நட்பு நீடித்தது. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை அங்கத்தவராக அவர் தெரிவு செய்யப்பட்டார். அப்பேறு பெற்ற ஆசியப் பெண்களுள் முதல்வர் அவரே. ஐரோப்பாவிலே தங்கியிருந்து பெயரெடுக்கும் வாய்ப்பு இருந்தும், சுதந்திரமடைந்த தாய்நாட்டுக்குத் திரும்பிக் கண்டியிலுள்ள தம் பெற்றோர் இல்லத்திலேயே தொழிலைத் தொடங்கினார்.

முதலாவதாக அவர் கட்டிய கருணாரத்தின இல்லம் 1951இல் நிறைவெய்தியது. செங்குத்தான மலைச்சரிவு, அதனை வெட்டித் தட்டையாக்காமல், நிலத்தின் போக்கிலேயே தளம் தளமாக வீட்டை இறக்கினார். கொங்கிறீற்றையும் கண்ணாடியையும் அவர் வெறுக்கவில்லை. அவற்றோடு தும்பறைப் பாய் நெய்வோரின் கைத்திறனையும், மாத்தளை அரக்கு வேலையையும், சுட்ட மண் ஓடுகளையும் சேர்த்தார். ஜோர்ஜ் கீற் சுவரோவியம் தீட்டினார். எங்கள் மாத்தளைப் பகுதியிலே ஹபுவிட என்னும் ஊரில், விரல் நகத்தினால் அரக்கை இழுத்து வண்ணம் தீட்டும் கைவினைஞர் பரம்பரை பரம்பரையாக வாழ்கின்றனர். கண்காட்சிப் பொருளாகச் சுருங்கிக்கொண்டிருந்த அத்தகைய வேலையை நாள்தோறும் கைபடும் வீட்டின் உறுப்பாக்கியது சிறு செயலன்று. ஒரு பெண்ணின் கட்டளைப்படி வேலை செய்வதற்குக் கட்டட வேலைக்காரர் தயங்கிய காலத்தில் இது நடந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இவ்வீட்டைப் பற்றி 1953இல் மார்க் என்ற பம்பாய்ச் சஞ்சிகையில் அவர் எழுதினார். புதுமையும் பிரதேச மரபும் இணையவேண்டும் என்ற கொள்கையை உலக அறிஞர் பேசத் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே அவர் நிலைநாட்டியிருந்தார்.

ஆயினும் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது அவ்வழகிய இல்லமன்று. 1950களின் பிற்பகுதியிலே கண்டிக்கு அருகில் வட்டப்புளுவவில் அரசாங்க ஊழியருக்கென அவர் அமைத்த வீடமைப்புத் திட்டமே அது. சுமார் 250 வீடுகள். இத்தனை வீடுகளை ஒரே வேளையிற் கட்டவேண்டுமென்றால், ஒரு படத்தை வரைந்து 250 தடவை அச்சடித்தாற்போலக் கட்டி முடிப்பதே வழக்கம். பெங்களூரிற் பயின்றவருக்கு அது மிக எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. குடிவரப்போகும் குடும்பங்களுக்கு வினாக்கொத்துக்களை அனுப்பினார். குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, எவ்வாறு வாழ்கின்றனர், என்ன வேண்டுகின்றனர் என்று கேட்டார். அவர்களோடு கூடிப் பேசினார். கிடைத்த விடைகளிலிருந்து சில மாதிரி அமைப்புக்களை வகுத்து, அவரவர் தேவைக்கும் பணத்துக்கும் ஏற்ப மாற்றிக் கொடுத்தார். மலையின் சாய்வையும் நின்ற மரங்களையும் காத்து வீதிகளை அமைத்தார். பல இனத்தவரும் பல சமயத்தவரும் அங்கே அயலவராயினர்.

பொருத்து வீட்டின் நல்லறிவு இங்கே கைவிடப்படவில்லை என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். ஒழுங்கான அளவுகள், வகுத்த மாதிரிகள், செலவுக் கட்டுப்பாடு எல்லாம் அவருடைய திட்டத்தில் உண்டு. நீங்கியது ஒன்றே: வாழ்பவனைக் காணாமல் அளந்து முடிக்கும் குருட்டுத்தனம். கதவு பல வீடுகளுக்கு ஒன்றாயிருக்கலாம், சன்னலும் ஒன்றாயிருக்கலாம். அடுப்பு எங்கே இருக்கவேண்டும், விருந்தாளி எங்கே அமரவேண்டும், சுவாமி படம் எந்தத் திசை நோக்கவேண்டும் என்பனவற்றை அச்சில் வார்க்க முடியாது.

இக்கருத்தின் அருமை லயத்திற் பிறந்தவர்க்கு நன்கு விளங்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை, ஒரே கூரை. அவை தொழிற்சாலையில் வார்க்கப்பட்டவை அல்ல. கல்லாலும் மண்ணாலும் கட்டப்பட்டவையே. எனினும் குடியிருப்பவனைக் கேளாது ஓர் அளவையே ஆயிரந்தடவை திருப்பிச் செய்தல் என்பதற்கு அவற்றைவிடக் கொடிய உதாரணம் இந்நாட்டிலே இல்லை. தாயும் மருமகளும் ஒரே அறையிற் பிள்ளை பெற்ற வீடுகளில் வளர்ந்த எனக்கு, வட்டப்புளுவ வினாக்கொத்து ஒரு காகிதமாகத் தெரியவில்லை. மனிதனுக்குச் செய்த மரியாதையாகவே தெரிகின்றது.

அம்மையாரின் பின்னாள்கள் எளியனவாக அமையவில்லை. கொழும்பிலே இல்லங்களும் சேனாநாயக்க மாடி வீடுகளும் அமைத்த அவர், தாயார் 1962இல் மறைந்தபின் பெரிதும் தளர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று, பனிஸ்ரர் பிளெச்சர் பெயரால் வழங்கும் கட்டடக்கலை வரலாற்றுப் பெருநூலின் புதிய பதிப்புக்குத் தெற்காசியப் பகுதியை எழுதினார். 1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்திலே ஆசியக் கட்டடக்கலையின் வரலாற்றைக் கற்பித்தார். கண்டிக்கு மீண்டபின் 1980களிற் கண்டிக் கலை மண்டபத்தை அமைத்தார். அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டு பின்னர் தொழிலுக்கு வந்த ஜெப்ரி பாவாவின் புகழ் உலகெங்கும் பரந்தது. முன்னோடியாகிய இவரை நாடு மெல்ல மறந்தது. 1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அவர் தம் வாழ்வையும் பணியையும் தொகுத்த நூலின் முதற்பாகம் 1998இல் வெளியாயிற்று. அவ்வாண்டு நவம்பர் 24ஆந் தேதி, தமது 80ஆம் வயதிலே, பிறந்த நகரிலேயே காலமானார். அவர் அமைத்த கட்டடங்களிற் பல அழிந்தும் உருமாறியும் போயின.

கட்டடங்கள் போனாலும் அவர் எழுப்பிய கேள்வி போகவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்தபின், வடக்குக் கிழக்கு மக்களுக்கென 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்கும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டது. 2016இல் அதுபற்றி எழுந்த வாதத்தைத் தமிழ் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். வெப்பம் தாங்காது, அடுப்படி ஒத்துவராது, பின்னாளில் விரிவாக்க முடியாது, கல்வீட்டைவிடச் செலவும் மிகுதி என்று மக்கள் முறையிட்டனர். அத்திட்டம் முன்வைத்தவாறு நிறைவேறவில்லை. அதே பிரதேசத்தில், இந்திய உதவியோடு நடந்த வீட்டுத் திட்டத்திலே பயனாளிகளே பணத்தைக் கட்டங் கட்டமாகப் பெற்றுத் தம் வீட்டைத் தாமே முன்னின்று கட்டினர். முதலாவதில் விடை முந்தி வந்தது, கேள்வி பிந்தியது. இரண்டாவதில் வீட்டுக்காரனே தனக்கு விடை தேடிக்கொண்டான்.

எங்கள் பகுதியிலும் இக்கேள்வி தூரத்துச் செய்தியன்று. களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நீருள் மறைந்தது. மக்கள் வேறிடங்களிலே குடியமர்ந்தனர். மலைத்தோட்டங்களிலே லயங்களை அகற்றித் தனிவீடு அமைக்கும் வேலையோ இன்னும் முடியவில்லை. மண்சரிவுக்கு அஞ்சி இடம்பெயர வேண்டியவரும் பலர். இவ்வளவு பேருக்கும் விரைவில் வீடு வேண்டும். விரைவு வேண்டுமென்றால் உறுப்புக்களை முன்கூட்டி வார்க்கும் முறையும் வேண்டியதே. அதனை வெறுத்து ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. ஆனால் அச்சுப் பெட்டியிலே கொங்கிறீற்றை ஊற்றுமுன், அந்த வீட்டில் அடுப்பு மூட்டப்போகும் பெண்ணிடம் ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொண்டுபோய்க் கேட்பதற்கு ஒருநாள் செலவிடல் வேண்டும். கண்டிச் செல்வி வட்டப்புளுவவிற் செலவிட்டதும் அந்த நாளையே.